முன்பணம் யார் கையில்? இங்கிலாந்தின் வாடகை வீடுகளில் சேதக் கணக்கின் வரலாறு

வாடகைக்கு விட்ட வீடு சேதமடைந்து திரும்பி வந்தால் அந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்வதற்காக, குடிவருபவரிடம் முன்கூட்டியே ஒரு தொகையைப் பெற்று வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று பல நாடுகளில் இயல்பானதாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் அது அட்வான்ஸ் என்றும் முன்பணம் என்றும் வழங்குகிறது. எனினும், இந்தியா உட்படப் பல நாடுகளின் வாடகைச் சட்டங்களுக்கு முன்மாதிரியாக அமைந்த இங்கிலாந்தில், குடியிருப்புக்கான முன்பணத்தைச் சட்டம் தனியாக எடுத்துப் பேசத் தொடங்கியது 1980ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்தைய ஏழு நூற்றாண்டுகளில் வீட்டுக்காரரின் பாதுகாப்பு வேறு கருவிகளில் இருந்தது. அக்கருவிகள் ஒவ்வொன்றாக மழுங்கிய பிறகே முன்பணம் அவற்றின் இடத்தைப் பிடித்தது. பிடித்தபின் அதுவே புதிய பிணக்குகளுக்குக் காரணமாயிற்று. தொகை எவ்வளவு என்பதை முன்னிறுத்தியே அப்பிணக்குகள் பேசப்பட்டாலும், பணம் யார் கையில் இருக்கிறது, சேதத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்ற இரண்டு கேள்விகளே அவற்றின் போக்கைத் தீர்மானித்தன.

இங்கிலாந்துச் சட்டத்தில் சேதம் பற்றிய சிந்தனை 1267ஆம் ஆண்டின் மால்பரோ சட்டத்திலேயே தெளிவாக இடம்பெற்றுவிட்டது. குத்தகைக்கு எடுத்தவர் அனுமதியின்றி நிலத்தையோ வீட்டையோ மரங்களையோ பாழ்செய்யக் கூடாது என்றும், செய்தால் முழு இழப்பையும் ஈடுசெய்ய வேண்டும் என்றும் அது விதித்தது. பாழ்செய்தல் என்று அங்கே கூறப்பட்டது, உடைமையின் நிலைத்த மதிப்பைக் குறைக்கும் எந்தச் செயலையும் குறிக்கும். கூரையை இடிந்துவிழ விடுவதும் அதில் அடங்கும், வெட்டக் கூடாத மரத்தை வெட்டி விற்பதும் அடங்கும். 1278ஆம் ஆண்டின் குளோஸ்டர் சட்டம் இன்னும் கடுமையாகி, பாழ்செய்தவர் மும்மடங்கு இழப்பீடு கொடுப்பதோடு பாழ்செய்த இடத்தையே இழக்கவும் நேரிடும் என்றது. மால்பரோ சட்டத்தின் இந்தப் பகுதி இன்றுவரை நீக்கப்படாமல் இங்கிலாந்தின் சட்டத் தொகுப்பில் இருந்துவருகிறது. ஆனால் இவ்வகைச் சட்டங்கள் எல்லாம் வழக்குத் தொடுக்கும் உரிமையை மட்டுமே தந்தன. வழக்கில் வென்றாலும், குடியிருந்தவரைக் கண்டுபிடித்து, அவரிடம் ஏதேனும் மிச்சமிருந்தால்தான் பணம் கைக்கு வரும்.

நடைமுறையில் வீட்டுக்காரரின் கையிலிருந்த கூர்மையான ஆயுதம் ஜப்தியே. வாடகை பாக்கி விழுந்தால், நீதிமன்றத்தின் அனுமதி எதுவுமின்றி, குடியிருப்பவரின் வீட்டுக்குள் அமீனாவை அனுப்பி மேசை, நாற்காலி, கட்டில், கடிகாரம் ஆகியவற்றைக் கைப்பற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு இருந்தது. தொடக்கத்தில் கைப்பற்றிய பொருளைப் பிணையாக வைத்திருக்க மட்டுமே முடிந்தது. 1689ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை விற்றுப் பாக்கியை எடுத்துக்கொள்ளவும் வழிசெய்தது. 1888ஆம் ஆண்டில்தான் அமீனாக்கள் சான்று பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. உடுத்தும் துணி, படுக்கை, ஐந்து பவுண்ட் மதிப்பு வரையிலான தொழிற்கருவிகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்ற வரம்பும் அதோடு வந்தது. ஜப்தி என்பது வாடகை பாக்கிக்கு மட்டுமே உரியது, உடைந்த கதவுக்கு அதைப் பயன்படுத்த முடியாது என்பது உண்மையே. எனினும், குடியிருப்பவரின் உடைமைகள் எந்நேரமும் வீட்டுக்காரரின் பிடிக்குள் இருந்ததால், தனியாக ஒரு தொகையைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி அவருக்கு ஏற்படவில்லை. குடியிருப்புகளில் இந்த உரிமை மெல்ல மெல்லக் கட்டுப்படுத்தப்பட்டு, 2014 ஏப்ரல் 6 அன்று முற்றாக ஒழிக்கப்பட்டது.

தொழிற்புரட்சிக் காலத்து நகரங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வார வாடகைக்கே வாழ்ந்தன. வாரக்கூலி பெறுபவரிடம் பல வாரத் தொகையை முன்பணமாகக் கேட்பது பொருளற்றது. ஆகவே உடைந்த கண்ணாடியும் கறைபட்ட சுவரும் வாடகைக்குள்ளேயே கணக்கிடப்பட்டன, அல்லது கணக்கிடப்படாமலேயே விடப்பட்டன. பாக்கியோடு இரவோடிரவாகத் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றிக் கிளம்பிவிடும் குடும்பங்களைப் பற்றிய வேடிக்கைப் பாடல்கள் அந்நாளைய மேடைகளில் ஒலித்தன என்பது, வீட்டுக்காரரின் ஜப்தி உரிமையும் எல்லா வேளையிலும் எட்டவில்லை என்பதையே காட்டுகிறது.

முதல் உலகப் போர் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. போர்த் தளவாடத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் குவிந்த கிளாஸ்கோ நகரில் வாடகைகள் ஏறியபோது, மேரி பார்பர் போன்றோரின் தலைமையில் பெண்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினர்; 1915ஆம் ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் வாடகைகளைப் போருக்கு முந்தைய நிலையில் நிறுத்தி வைத்தது. வாடகையைக் கட்டுப்படுத்தினால் பணம் வேறு வழியில் கேட்கப்படும் என்பதை உணர்ந்து, வாடகைக்கு மேற்பட்டு எந்தத் தலைப்பணமோ அதுபோன்ற தொகையோ கேட்கக் கூடாது என்றும் அச்சட்டம் தடுத்தது. தலைப்பணம் என்பது வீட்டைத் தருவதற்காகவே வாங்கப்படும், திருப்பித் தரப்படாத தொகை. மும்பையில் பகடி என்று வழங்கியது இதுவே. தடை வந்ததும் தந்திரங்களும் வந்தன. பழைய நாற்காலியையும் கிழிந்த திரைச்சீலையையும் பன்மடங்கு விலைக்கு வாங்கிக்கொண்டால்தான் வீடு என்று நிபந்தனை போடப்பட்டது. அறைகலனுக்கு மிகையாகப் பெறும் விலையும் தலைப்பணமே என்று பின்வந்த சட்டங்கள் அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்தச் சட்ட வாசகம் கடல் கடந்தும் பயணப்பட்டது. 1960ஆம் ஆண்டின் சென்னைக் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வாடகைக்கு மேல் தலைப்பணமோ அதுபோன்ற தொகையோ பெறக் கூடாது என்று ஏறத்தாழ அதே சொற்களில் விதித்து, ஒரு மாத வாடகையை மட்டும் முன்பணமாகப் பெற்றுக்கொள்ள இடமளித்தது. சென்னை நகரில் பத்து மாத வாடகை முன்பணமாக வாங்கப்பட்டு வந்ததை அறிந்தோர்க்கு, அச்சட்டம் ஏட்டில் எவ்வளவு நிம்மதியாக உறங்கியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திருப்பித் தரப்படாத தலைப்பணம் குற்றம் என்றானபோது, திருப்பித் தரப்பட வேண்டிய முன்பணத்தின் நிலை என்ன என்ற ஐயம் இங்கிலாந்தில் பல ஆண்டுகள் நீடித்தது. 1957ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதும், லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் பீட்டர் ராக்மன் என்ற வீட்டுக்காரர் பழைய குடித்தனக்காரர்களை மிரட்டி வெளியேற்றிய செய்திகள் நாட்டை உலுக்கியதும், 1965ஆம் ஆண்டின் சட்டம் மீண்டும் பாதுகாப்பைக் கொண்டுவந்ததும் பலரும் அறிந்த வரலாறு. ஆனால் அப்பாதுகாப்பு அறைகலன் இல்லாத வீடுகளுக்கே முழுமையாகக் கிடைத்தது. கட்டில், மேசை, அடுப்பு ஆகியவற்றோடு விடப்படும் வீடுகள் 1974 வரை அதற்கு வெளியே நின்றன. கட்டிலும் மேசையும் கொடுத்தவருக்கு அவற்றின் கேடு பற்றிய கவலையும் இருக்கும் என்பதால், முன்பணம் செழித்து வளர்ந்ததற்கு இவ்வகை வீடுகள் ஏற்ற இடமாயின. கடைசியில் 1980ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், முன்பணம் ஆண்டு வாடகையில் ஆறில் ஒரு பங்குக்கு மிகாமலும், ஏற்படக்கூடிய பொறுப்புக்கு நியாயமான அளவிலும் இருந்தால் அது தலைப்பணம் ஆகாது என்று வரையறுத்தது. ஆறில் ஒரு பங்கு என்றால் இரண்டு மாத வாடகை. முன்பணத்தின் அளவை வரையறுத்த அச்சட்டம், அதை எங்கே வைத்திருக்க வேண்டும், எப்போது திருப்பித் தர வேண்டும், சேதம் என்று யார் முடிவுசெய்வது என்பன பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தின் விலை 1989 ஜனவரி 15க்குப் பிறகு தெரிந்தது. அன்று நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வாடகைகளைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட்டு, குறுகிய கால ஒப்பந்தங்களுக்கும் வழிதிறந்தது. அதுவரை பத்தில் ஒரு குடும்பத்துக்கும் குறைவாகச் சுருங்கியிருந்த தனியார் வாடகைத் துறை பின்னர் வளர்ந்து ஐந்தில் ஒன்றை நெருங்கியது. ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் வீடு மாறும் இளைஞரும் மாணவரும் பெருகியதால், ஒவ்வொரு மாற்றத்திலும் முன்பணக் கணக்கு ஒன்று முடிக்கப்பட வேண்டியிருந்தது. பணம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில், அவருடைய சொந்தப் பணத்தோடு கலந்து கிடந்தது. அவர் கம்பளத்தில் கறை என்றும் சுவரில் ஆணித்துளை என்றும் எழுதி ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டால், குடியிருந்தவர் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போய் வழக்காட வேண்டும். புது வீட்டுக்கு மீண்டும் முன்பணம் புரட்ட வேண்டிய வேளையில் அதற்கு முனைந்தவர் சிலரே. மறுபுறம், முன்பணம் திரும்பி வராது என்று முடிவுகட்டிய குடித்தனக்காரர் பலர் கடைசி மாத வாடகையைக் கொடுக்காமலேயே கிளம்பினர். அப்போது உண்மையான சேதத்துக்கு ஈடாக வீட்டுக்காரரிடம் எதுவும் மிஞ்சவில்லை. குடிமக்களுக்கு இலவச ஆலோசனை தரும் மையங்களின் தேசியச் சங்கம் 1998இல் இக்கேடுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது; 2000ஆம் ஆண்டில் அரசின் ஆதரவோடு தன்விருப்பில் சேரும் முன்பணப் பாதுகாப்புச் சோதனைத் திட்டம் ஒன்றும் தொடங்கியது. தன்விருப்பில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஒழுங்காக நடந்துகொண்டவர்களே என்பதால் அது எதையும் மாற்றவில்லை.

பணத்தை மூன்றாம் தரப்பிடம் வைக்கலாம் என்ற எண்ணம் அப்போது புதியதன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1977ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, வாடகை முன்பணம் அனைத்தையும் ஓர் அரசு வாரியத்திடம் செலுத்த வேண்டும் என்று ஆக்கியிருந்தது. இங்கிலாந்தும் வேல்சும் 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் வழியாக அப்பாதைக்கு வந்தன; விதிகள் 2007 ஏப்ரல் 6 அன்று நடைமுறைக்கு வந்தன. ஆயினும் பிரிட்டிஷ் அரசியலுக்கே உரிய சமரசம் இதிலும் புகுந்தது. வீட்டுக்காரருக்கு இரு வழிகள் தரப்பட்டன: பணத்தைப் பாதுகாப்புத் திட்டத்திடமே ஒப்படைத்துவிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை, அல்லது பணத்தைத் தானே வைத்துக்கொண்டு, திட்டத்துக்குக் கட்டணம் செலுத்திக் காப்பீடு பெறலாம், ஆனால் பிணக்கு எழுந்தால் பிணக்குக்குரிய தொகையைத் திட்டத்திடம் கட்டிவிட வேண்டும். ஸ்காட்லாந்து இந்த இரண்டாம் வழியை ஏற்கவில்லை. 2011ஆம் ஆண்டின் விதிகளின்படி அங்கே பணம் முழுவதும் திட்டத்திடமே போக வேண்டும். இரண்டில் எது நேர்மையான ஏற்பாடு என்று கேட்டால் ஸ்காட்லாந்தின் பக்கம் சாய்வதே நியாயம்.

2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. முன்பணமாகப் பணத்தைத் தவிர வேறு எந்தப் பொருளையும் பெறக் கூடாது என்பதே அது. குடியிருப்பவரின் கட்டிலும் கடிகாரமும் பிணையாக இருந்த பழைய உலகத்துக்கு அந்த ஒரு வரியில் கதவு சாத்தப்பட்டது. பணத்தைப் பாதுகாக்கத் தவறிய வீட்டுக்காரர் முன்பணத்தின் மும்மடங்கைத் தண்டமாகக் கொடுக்க வேண்டும் என்றும், குடியிருப்பவரைக் காரணம் சொல்லாமல் காலிசெய்யச் சொல்லும் அறிவிப்பைக் கொடுக்க முடியாது என்றும் சட்டம் கூறியது. குளோஸ்டர் சட்டத்தில் குடியிருப்பவர் மேல் விழுந்த மும்மடங்கு, எழுநூறு ஆண்டுக்குப் பின் வீட்டுக்காரர் மேல் விழுந்தது. நீதிமன்றங்கள் முதலில் இதைத் தளர்த்திப் பொருள் கொண்டன. விசாரணை நாளுக்கு முன் பணத்தைப் பாதுகாத்துவிட்டால் தண்டமில்லை என்று 2010இல் டியென்சியா வழக்கிலும், குடித்தனம் முடிந்தபின் தண்டம் கேட்க முடியாது என்று 2011இல் கிளேட்ஹர்ஸ்ட் வழக்கிலும் தீர்ப்பாயின. இரண்டையும் நாடாளுமன்றம் உள்ளாட்சி பற்றிய 2011ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றியது. பாதுகாக்க வேண்டிய காலம் 14 நாளிலிருந்து 30 நாளாக நீட்டப்பட்டது, தண்டம் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை என்றாயிற்று.

திட்டங்களோடு இணைந்து வந்த இலவசப் பிணக்குத் தீர்வு முறையே இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், நடுவர் ஒருவர் வீட்டைப் போய்ப் பார்க்காமல், தாள்களையும் படங்களையும் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வார். அவர் தொடங்கும் இடம், முன்பணம் குடியிருந்தவரின் பணம் என்பதே. அதிலிருந்து பிடித்தம் செய்ய விரும்புபவர் வீட்டுக்காரராகையால், மெய்ப்பிக்கும் சுமையும் அவருடையது. இரு பக்கமும் சான்று இல்லையென்றால் பணம் குடியிருந்தவரிடம் திரும்பும். பணத்தைக் கையில் வைத்திருந்தவரே தீர்ப்பும் சொன்ன காலம் இவ்வாறு தலைகீழாயிற்று. இதன் விளைவாக, குடிபுகும் நாளிலும் காலிசெய்யும் நாளிலும் வீட்டின் நிலையை அறை அறையாகப் பதிவுசெய்யும் இருப்புப் பட்டியல் சேதக் கணக்கின் அடிப்படை ஆவணமாயிற்று. அடுப்பின் மேல் எத்தனை கீறல், கம்பளத்தில் எந்த மூலையில் கறை, குழாயில் சுண்ணப்படிவு உண்டா என்பவற்றை எழுதிப் படமெடுத்து இரு தரப்பின் கையொப்பத்தோடு தருவதையே தொழிலாகக் கொண்டோர் முன்பும் இருந்தனர். 2007க்குப் பின் அவர்களின்றிக் காரியம் நடவாது என்ற நிலை வந்தது. பணம் படைத்தோர் வீடுகளை அறைகலனோடு வாடகைக்கு விட்ட காலத்தில் வெள்ளிக் கரண்டிகளை எண்ணிய எழுத்தர்களின் வழித்தோன்றல்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

நடுவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் பழைய வழக்குகளிலிருந்து வந்தது. லண்டன் வீடு ஒன்றைப் பற்றிய 1890ஆம் ஆண்டின் ப்ரௌட்ஃபுட் வழக்கில், செப்பமாக வைத்திருத்தல் என்பது வீட்டின் வயது, தன்மை, இருக்கும் வட்டாரம் ஆகியவற்றைப் பொறுத்தது என்று எஷர் பிரபு விளக்கினார். செல்வர் வாழும் கிரோவ்னர் சதுக்கத்து வீட்டுக்கும் ஏழைகளின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கும் ஒரே தரத்தை எதிர்பார்க்க முடியாது என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்லர் என்ற விதியின் எல்லையை 1928ஆம் ஆண்டின் ஹாஸ்கெல் வழக்கு காட்டியது. கூரையிலிருந்து ஓடு ஒன்று கழன்று விழுந்தால் அது காலத்தின் தேய்மானம். ஆனால் அந்தத் துளை வழியாக மழைநீர் இறங்கித் தளமும் சுவரும் ஊறிக் கெடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், அந்தக் கேடு குடியிருப்பவரின் பொறுப்பாகும் என்பது நீதிபதி டால்பட் தந்த விளக்கம். 1953இல் டென்னிங் நீதிபதி, அடைத்துக்கொண்ட தொட்டிக்குழாயைத் திறப்பது, வெளியூர் போகும்போது நீர்க்குழாயை மூடுவது போன்ற சில்லறைக் கடமைகளே குடியிருப்பவருடையவை, அவரோ அவருடைய விருந்தினரோ வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ கெடுக்காதவரை வீட்டின் பழுது அவருடையதன்று என்று வரையறுத்தார்.

இதிலிருந்து நடுவர்கள் எடுத்த இரண்டாவது கொள்கை, சேதத்தின் பேரால் வீட்டுக்காரர் முன்னிருந்ததைவிட மேலான நிலையை அடையக் கூடாது என்பது. 600 பவுண்டுக்கு வாங்கிய, எட்டு ஆண்டு உழைக்கத்தக்க கம்பளம், குடிபுகும்போது இரண்டு ஆண்டு பழையதாக இருந்து, மூன்று ஆண்டுக் குடித்தனத்தின் இறுதியில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டுத் தழும்போடு திரும்பினால், புதுக் கம்பளத்தின் முழு விலையைக் கேட்க முடியாது. ஆண்டுக்கு 75 பவுண்ட் வீதம் ஐந்து ஆண்டின் மதிப்பு கழிந்துவிட்டது. எஞ்சிய மூன்று ஆண்டுக்குரிய 225 பவுண்டே இழப்பு. கம்பளம் ஏற்கெனவே பத்து ஆண்டு பழையதானால் முழுக் கம்பளமும் எரிந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வீட்டுக்காரர்களுக்கு இது கசப்பான கணக்கு. ஆனால் மறுக்க முடியாத கணக்கு. துப்புரவிலும் இதே நெறிதான். குடிபுகும்போது இருந்த அளவுத் தூய்மையையே திரும்பக் கேட்கலாம், அதற்குமேல் இல்லை. நடுவர் முன் வரும் பிணக்குகளில் மிகுதியானவை உடைசலைவிடத் துப்புரவு பற்றியவையே என்று திட்டங்களின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டிவருகின்றன.

இயல்பான தேய்மானம் பற்றிய இந்த நெறி இந்தியாவிலும் எழுத்தில் உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, நியாயமான தேய்மானமும் தடுக்க முடியாத விசையால் நேரும் மாற்றமும் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே உடைமையைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. சட்ட வரம்பை மீறி வாங்கப்பட்ட முன்பணம் குடியிருப்பவரின் பணமே என்பதையும் உச்ச நீதிமன்றம் 1989இல் கூடூர் விடுதி ஒன்றின் வழக்கில் ஏற்றது. வீட்டுக்காரரின் கையில் அப்படிப்பட்ட தொகை இருக்கையில், வாடகை பாக்கி என்று சொல்லிக் காலிசெய்ய வைக்க முடியாது என்பது தீர்ப்பு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டுப் புதிய வாடகைச் சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகை என்று குறிப்பிட்டு, காலிசெய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தரச் சொல்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளவும் அதுவே இடம்வைத்திருக்கிறது. மூன்றாம் தரப்பிடம் பணத்தை வைக்கும் ஏற்பாடு இங்கே இன்னும் வரவில்லை. பணம் வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் சேதக் கணக்கு ஒருவாறு ஒழுங்குக்கு வந்த வேளையில், வளர்ப்புப் பிராணிகள் அதை மீண்டும் கிளறிவிட்டன. நாயின் சிறுநீர் கம்பளத்தைக் கடந்து அடிவிரிப்பிலும் பலகைத் தளத்திலும் இறங்கும். பூனையின் நகம் கதவுச் சட்டத்தையும் சோபாவையும் கிழிக்கும். தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் காலி வீட்டின் கம்பளத்தில் பதுங்கியிருந்து அடுத்துக் குடிவருபவரின் காலைக் கடிக்கும். இவற்றை இயல்பான தேய்மானம் என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே பெரும்பாலான ஒப்பந்தங்கள் பிராணிகளை அடியோடு தடுத்தன. கிண்ணத்துக்குள் நீந்தும் தங்கமீனையும் சேர்த்துத் தடுக்கும் விதி நியாயமற்றதாகலாம் என்று நேர்மையான வணிகத்துக்கான அரசு அலுவலகம் தன் வழிகாட்டுதலில் சொல்ல நேர்ந்தது. பார்வையற்றோரின் வழிகாட்டி நாய் வளர்ப்புப் பிராணி ஆகாது என்பதால், அதைக் காரணமாக்கி வீடு மறுப்பதற்குச் சமத்துவச் சட்டம் இடம்தரவில்லை. பிராணியை அனுமதித்த வீட்டுக்காரரோ வழக்கமான முன்பணத்துக்கு மேல் தனியாக ஒரு பிராணி முன்பணம் வாங்கிக்கொண்டார். அதுவும் பாதுகாப்புத் திட்டத்துக்குள் வைக்கப்பட வேண்டிய தொகையே. சேதம் இல்லையென்றால் முழுமையாகத் திரும்ப வேண்டியது.

2019 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடியிருப்போர் கட்டணச் சட்டம் இந்த வழியை அடைத்தது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு முன்பணம் ஐந்து வார வாடகைக்கும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆறு வாரத்துக்கும் மிகக் கூடாது என்று அது வரம்பிட்டது. பிராணிக்காகத் தனித்தொகை கேட்பதும், காலிசெய்யும்போது குறிப்பிட்ட நிறுவனத்தைக் கொண்டு துப்புரவு செய்யக் கட்டாயப்படுத்துவதும் தடையாயின. குடியிருப்போரைக் காக்க வந்த இச்சட்டம் பிராணி வளர்ப்போருக்கு மட்டும் எதிராகத் திரும்பியது. கூடுதல் முன்பணம் பெற முடியாத வீட்டுக்காரர்கள், பிராணிக்கென்று மாத வாடகையை உயர்த்தினர் அல்லது பிராணிகளை அறவே மறுத்தனர். முன்பணமோ திரும்பி வரும். வாடகை திரும்பி வராது. மாதம் 25 பவுண்ட் கூடுதலாகக் கொடுப்பவர், அவருடைய நாய் ஒரு கீறல்கூடப் போடாவிட்டாலும், இரண்டு ஆண்டில் 600 பவுண்டை இழந்திருப்பார். அந்தத் தொகையைக் கொடுத்தபின்னும், உண்மையில் சேதம் ஏற்பட்டால் அவருடைய முன்பணத்திலிருந்து பிடித்தம் செய்யத் தடையில்லை.

இதைச் சரிசெய்யும் முயற்சி நீண்டது. ஆண்ட்ரூ ராசிண்டெல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 2020இல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 2021 ஜனவரியில் அரசு தன் மாதிரி வாடகை ஒப்பந்தத்தைத் திருத்தி, தக்க காரணமின்றிப் பிராணியை மறுக்கக் கூடாது என்று எழுதியது. மாதிரி ஒப்பந்தத்தைப் பயன்படுத்துவது கட்டாயமன்று என்பதால் சந்தையில் அது பெரிதாக எதையும் அசைக்கவில்லை. 2023இல் கன்சர்வேட்டிவ் அரசு கொண்டுவந்த மசோதா, குடியிருப்பவர் பிராணிச் சேதத்துக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்கலாம் என்றது. 2024 தேர்தல் அறிவிக்கப்பட்டதும் அது காலாவதியானது. தொழிற்கட்சி அரசின் மசோதாவும் முதலில் காப்பீட்டையே நம்பியிருந்தது. ஆனால் அத்தகைய காப்பீட்டைத் தேவையான அளவில் விற்கச் சந்தை அணியமாக இல்லை என்பது தெரியவந்ததும் 2025இல் பிரபுக்கள் அவையில் அரசே அந்த விதியை நீக்கியது.

அதே அவையில் பழைய பிராணி முன்பணம் மறுபிறவி எடுக்கப் பார்த்தது. பிராணி வளர்ப்பவரிடம் கூடுதலாக மூன்று வார வாடகை வரை முன்பணம் பெறலாம் என்ற திருத்தத்தைப் பிரபுக்கள் நிறைவேற்றினர். கூடுதல் ஈடு இருந்தால்தான் வீட்டுக்காரர் மனமுவந்து பிராணியை ஏற்பார் என்பது அவர்கள் வாதம். ஐந்து வார முன்பணமே பெரும்பாலான சேதத்துக்குப் போதும், அதற்குமேல் கேட்டால் ஏழைகள் பிராணி வளர்க்க முடியாது என்பது அரசின் வாதம். 2024இல் ஹடர்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், பிராணிகளை அனுமதித்த வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் நாயாலோ பூனையாலோ சேதம் ஏற்படவில்லை என்றே தெரிவித்திருந்தனர் என்பது அரசின் பக்கத்துக்கு வலுவூட்டும் செய்தி. ஆயினும் பிரபுக்களின் திருத்தத்தை வெறும் வீட்டுக்காரர் சார்பு என்று தள்ளிவிட முடியாது. திரும்பி வரக்கூடிய, மூன்றாம் தரப்பின் பாதுகாப்பில் உள்ள, மெய்ப்பிக்கும் சுமை வீட்டுக்காரர் மேல் விழுகிற ஒரு தொகை, திரும்பாத வாடகை உயர்வைவிடக் குடியிருப்பவருக்கு நல்லது. பொதுமக்கள் அவை அதை ஏற்கவில்லை. குடியிருப்போர் உரிமைகள் சட்டம் அத்திருத்தம் இல்லாமலேயே 2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்றது.

அச்சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வீட்டில் குடியிருப்பவர் பிராணி வளர்க்க எழுத்தில் அனுமதி கேட்டால், வீட்டுக்காரர் பொதுவாக 28 நாளுக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டும். நியாயமான காரணமின்றி மறுக்க முடியாது. அவருக்கு மேல் இருக்கும் நில உரிமையாளரின் குத்தகை நிபந்தனை பிராணிகளைத் தடுத்தால் அது நியாயமான காரணமாகும். முன்பணம் பெரும்பாலும் ஐந்து வார வாடகைதான், நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சேதம் அதைத் தாண்டினால் எஞ்சியதற்கு வீட்டுக்காரர் கவுண்டி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.